வெண்ணெய் லாப்ஸ்டர் ரோல்: வீட்டில் செய்யும் முன் ஒரு சமையல்காரன் சொல்வது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் கடற்கரையில் ஒரு கடலுணவுச் சமையலறையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணா, லாப்ஸ்டர் ரோலை வீட்டிலேயே பண்ணிடலாமா?" தாராளமாகப் பண்ணலாம். லாப்ஸ்டர் என்பது பெரிய கொடுக்குள்ள, இறால் இனத்துக் கடல் பிராணி, அதன் சதையை ரொட்டிக்குள் வைத்துத் தருவதுதான் ரோல். மேய்ன் மாநிலத்தில் ஆறவைத்த சதையை மயோனைஸில் பிசறித் தருவார்கள். எங்கள் பக்கம் இளஞ்சூடாக, உருக்கிய வெண்ணெயோடு. 1929-இல் மில்ஃபோர்டில் பெர்ரிஸ் என்ற உணவகத்தில் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். சதை, வெண்ணெய், ரொட்டி, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவுதான். மசாலா கிடையாது என்பதால் கெட்ட சதையை எதுவும் மறைக்காது.

முதலில் உயிர். 1999-இல் எங்கள் கரையை ஒட்டிய லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் லாப்ஸ்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. அப்புறம் அந்தத் தொழில் இங்கே எழவே இல்லை. இன்று கடையில் இருப்பது பெரும்பாலும் மேய்னிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருவது. நெடும் பயணத்தில் களைத்திருக்கும். அதனால் முதுகு ஓட்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நல்ல உயிர் இருந்தால் வாலைச் சட்டென்று வயிற்றோடு மடக்கும். வாலும் கொடுக்கும் துவண்டு தொங்கினால் வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். லாப்ஸ்டர் செத்த உடனே அதன் செரிமானச் சாறே சதையைக் கரைக்க ஆரம்பிக்கும், கிருமிகளும் வேகமாகப் பெருகும்.

நண்பர் ஒருவர், பாவம், இரவெல்லாம் உயிரோடு இருக்கட்டும் என்று ஆறு லாப்ஸ்டர்களைக் குளியல் தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி விட்டிருக்கிறார். காலையில் ஆறும் போய்விட்டன. உப்பில்லாத நல்ல தண்ணீர் அதைக் கொன்றுவிடும், உருகும் ஐஸ் தண்ணீரும் அப்படித்தான். ஈரத் துணியோ ஈரச் செய்தித்தாளோ போர்த்தி, காற்றுப் போகும்படி ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது. பானையில் போடும் முன் 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் மரத்துப்போகும். அந்த ஜீவனுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்டால் கடல் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒன்றேகால் பவுண்டு லாப்ஸ்டருக்குக் கொதிநீரில் 9, 10 நிமிடம் போதும். ஒன்றை உடைத்தால் ஒரு ரோலுக்குத்தான் சதை வரும். நண்டு மஞ்சளை வழித்துத் தின்று வளர்ந்த நமக்கு, தலைப்பகுதியில் இருக்கும் பச்சைக் களியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது ஈரல். டாமலி என்பார்கள். கடல்பாசி நச்சும் கழிவு ரசாயனங்களும் அங்கேதான் சேரும். வேகவைத்தாலும் போகாது. மேய்ன் சுகாதாரத் துறையே அதைத் தின்ன வேண்டாம் என்கிறது. தூக்கிப் போடுங்கள்.

இப்போது வெண்ணெய். நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். சதையை ஓட்டிலிருந்து எடுப்பது முழுக்கக் கை வேலை, பத்துப் பேருக்கு என்றால் ஒரு மணி நேரம் ஆகும். கையிலிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சதைக்குப் போகலாம். இளஞ்சூட்டில் அது பெருகி நச்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். ஒரு பட்டமளிப்பு விருந்தில், வெண்ணெயில் ஊறிய சதையைப் பானையோடு அணைத்த அடுப்பின் மேல் மதியத்திலிருந்து மாலை வரை வைத்திருந்தார்கள். அன்று இரவே நான்கு பேருக்கு வாந்தி. காரணம் இதுதான் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பானை மேல்தான் சந்தேகம்.

ஆகவே கையை நன்றாகக் கழுவி, எடுத்த சதையை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆட்கள் உட்கார்ந்த பிறகு, ஒரு ரோலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை மிகச் சிறு தீயில் உருக்குங்கள். நெய் காய்ச்சும்போது வருவது போலச் சடசடவென்று சத்தம் வந்தால் தீ அதிகம். சதையைப் போட்டு, ஆவி பறக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும், அதற்கு மேல் ரப்பராகிவிடும். இரு பக்கமும் வெண்ணெயில் வாட்டிய ரொட்டியில் அள்ளி வைத்து உடனே கொடுங்கள். ஒரு சட்டியில் இரண்டு பேருக்கு மட்டும், அடுத்த இரண்டு பேருக்கு அப்புறம் அடுத்த சட்டி.

கடைசியாக, யார் சாப்பிடுகிறார்கள் என்பது. "எனக்கு இறால் சூடு", "அது கரப்பான் பண்டம், லேசா அரிக்கும்" என்று நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அரிப்பு பல நேரம் ஒவ்வாமையின் முதல் அறிகுறி. இறால், நண்டு, லாப்ஸ்டர் எல்லாவற்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் இருக்கிறது. சூட்டுக்கு அது அசையாது. சின்ன வயதில் இல்லாதது முப்பது வயதிலும் வரலாம். என் சமையல் வகுப்புக்கு வந்த ஒரு தங்கை, கொதிக்கும் பானையின் ஆவி பட்டதுமே இருமினாள், உதடு வீங்கியது. உடனே ஆம்புலன்ஸை அழைத்தோம், பிழைத்தாள். இப்போது அட்ரினலின் ஊசி இல்லாமல் வெளியே போவதில்லை.

அதனால் அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்தத் தங்கைக்கு மீனால் தொல்லை இல்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். அவள் வரும் நாளில் எங்கள் வீட்டில் லாப்ஸ்டர் கிடையாது. அதே ரொட்டி, அதே வெண்ணெய், உள்ளே காட் மீன்.