டக்டிலிட்டி: தமிழில் நீட்சித்தன்மை

நிலநடுக்கத்தைத் தாங்கும் எஃகுக் கட்டடங்களைப் பற்றி எதைப் படித்தாலும் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் டக்டிலிட்டி. முறிந்துவிடாமல், நிரந்தரமாக உருமாறியபடியே சுமையையும் தாங்கி நிற்கும் பண்பு அது.

லத்தீனில் டூக்கெரே என்றால் இழுத்தல், நடத்திச் செல்லுதல். அதிலிருந்து வந்தது டக்டிலிஸ், அதாவது இழுத்து நீட்டத்தக்கது. நாம் அன்றாடம் சொல்லும் கண்டக்டரும் இதே வேரில் கிளைத்த சொல்தான்.

பள்ளியில் இதைக் 'கம்பியாக நீளும் தன்மை' என்று படித்திருப்போம். தங்கத்துக்கு அது சரி. தூணையும் உத்தரத்தையும் யாரும் கம்பியாக இழுக்கப் போவதில்லை. சிலர் 'நெகிழ்ச்சி' என்று எழுதுகிறார்கள்; அது மீள்தன்மையோடு குழம்பிவிடுகிறது. விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது மீள்தன்மை. அது முடிகிற இடத்தில்தான் டக்டிலிட்டி தொடங்குகிறது. ஒரு மீட்டர் நீள மென்னெஃகுக் கம்பி ஏறத்தாழ 1.25 மி.மீ. நீளும்வரை மீண்டுவிடும். அதற்குமேல் மீளாது, ஆனால் அறுவதற்குள் 200 மி.மீ. அளவுக்கும் நீளும். நிலநடுக்கம் கட்டடத்துக்குள் செலுத்தும் ஆற்றல் வெப்பமாகிக் கரைவது அந்தப் பெரிய இடைவெளியில்தான். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வேகமாக மடக்கிவிட்டு, மடங்கிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும்.

ஆகவே நீட்சித்தன்மை என்பதே என் தேர்வு. கட்டடம் வளையத்தானே செய்கிறது, எங்கே நீள்கிறது என்று கேட்கலாம். வளையும் உத்தரத்தின் ஒரு விளிம்பு இழுபட்டு நீள்கிறது, மறுவிளிம்பு அமுங்குகிறது. ஆட்டம் திசை மாறினால் அமுங்கியது நீளும். வேர்ச்சொல்லின் 'இழுத்தல்' அங்கே உயிரோடு இருக்கிறது.

எஃகுக்கு இந்தப் பண்பு இருப்பதாலேயே கட்டடத்துக்கும் அது வந்துவிடாது. 1994 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களில், உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் கண்டிருந்தது. அவை இடிந்து விழவில்லை. ஆனால் நீள வேண்டிய எஃகு, நீள வழியில்லாமல், சாக்பீஸ் போலத் தெறித்திருந்தது. அதன்பின் பரவலான தீர்வுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: தூணிலிருந்து சற்றுத் தள்ளி, உத்தரத்தின் மேல், கீழ் விளிம்புத் தகடுகளை இருபுறமும் பிறைபோல வெட்டி, இடையை வேண்டுமென்றே மெலிய வைக்கிறார்கள். பொறியாளர்கள் இதை டாக் போன் என்பார்கள். பூமி குலுங்கும்போது அந்த மெலிந்த இடம் முதலில் நீண்டு வளையும், வெல்டிங் தப்பிக்கும்.