குளிர்விக்கப்படும் நோயாளிக்கு இ.இ.ஜி. ஏன் கட்டாயம்?

இதயம் நின்று, சி.பி.ஆர். கொடுத்து மீட்ட பிறகும் கண் விழிக்காதவர்களுக்கு உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கமான சிகிச்சை. 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பின் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தார்கள். 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்வித்தவர்களுக்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பல ஐ.சி.யூ.க்களில் இப்போது 37.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே இலக்கு.

குளிர்விக்கும்போது நடுக்கம் வரும். அதை அடக்க மயக்க மருந்தும், போதாவிட்டால் தசை தளர்த்தும் மருந்தும் ஓடும். ஆபத்து இங்கேதான். தசை தளர்ந்தவருக்கு வலிப்பு வந்தாலும் கை கால் வெட்டாது. கட்டிலில் ஆள் அசையாமல் கிடப்பார். மூளைக்குள் வலிப்பு மணிக்கணக்கில் ஓடும். அதைக் காட்டிக்கொடுப்பது, தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. மட்டுமே.

எலக்ட்ரோடு ஒட்டும்போது நம்மூரில் முதல் தடை தேங்காய் எண்ணெய். மேலோட்டமாகத் துடைத்தால் போதாது. வகிடு பிரித்து, ஸ்பிரிட்டால் எண்ணெயை எடுத்து, தேய்ப்பு ஜெல் போட்டு, அதன் பிறகே பேஸ்ட். தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையே மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே வரவேண்டும். ஏ.சி. காற்றில் பேஸ்ட் காய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மறுபடி பாருங்கள். பின்மண்டை எலக்ட்ரோடு தலையணையில் அழுந்திப் புண்ணாகும். தலையைத் திருப்பித் தோலைப் பாருங்கள்.

அடுத்தது மூளையிலிருந்து வராத பொய் அலைகள். பதிவில் மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சிரிஞ்ச் பம்ப், கட்டில் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கை எடுத்துப் பாருங்கள் (பம்ப் பேட்டரியில் ஓடட்டும்). எர்த் சரியில்லாத ஒரு சாக்கெட்டே காரணமாக இருக்கலாம். வென்டிலேட்டர் குழாயில் தண்ணீர் தேங்கினால் மூச்சுக்கு மூச்சு ஒரே தாளத்தில் அலை எழும். பார்ப்பவர் வலிப்பு என்று நினைத்துவிடுவார். நடுக்கத்தின் தசை அலைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டால், வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குறுகிய நேரம் வேலை செய்யும் தசைத் தளர்ச்சி மருந்தை ஒருமுறை கொடுத்தால் அடியில் இருப்பது தெரியும்.

33 டிகிரிக் குளிர் மட்டும் இ.இ.ஜி.யைத் தட்டையாக்காது. தட்டையாகத் தெரிந்தால், மூளை பாதிப்பு என்று முடிவு கட்டும் முன் மயக்க மருந்தைச் சந்தேகப்படுங்கள். குளிரில் கல்லீரல் மந்தமாக வேலை செய்வதால் மயக்க மருந்து மிடசோலாம், வலி மருந்து ஃபென்டனில் இரண்டும் வழக்கத்தைவிட நெடுநேரம் உடலில் தங்கும். பதிவின் மேலேயே உடல் வெப்பம், மருந்தின் அளவு, நேரம் மூன்றையும் குறியுங்கள்.

மணிக்கு 0.25 முதல் 0.5 டிகிரி வீதம் சூடேற்றும்போது முதல் வலிப்பு தலைகாட்டலாம். "குளிர்ச்சி முடிந்தது" என்று எலக்ட்ரோடுகளைக் கழற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. இயல்பு வெப்பம் வந்து ஒரு நாளாவது அவை இருக்கட்டும்.

குடியாத்தம், வாணியம்பாடி பக்கம் தொடர் இ.இ.ஜி. வசதி இல்லாத மருத்துவமனைகள், தினமும் 20 முதல் 30 நிமிடப் பதிவாவது எடுக்கலாம். வேலூருக்கு அனுப்பும்போது இதயம் நின்ற நேரத்தையும் கடைசி மயக்க மருந்தின் நேரத்தையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

"அப்பாவுக்கு மூளை வேலை செய்யுதுங்களா டாக்டர்?" என்று குடும்பத்தார் முதல் நாளே கேட்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அலைகள் விட்டுவிடாமல் தொடர்ந்து வரத் தொடங்கினால் நல்ல அறிகுறி என்று சொல்லலாம். கெட்ட செய்தியை ஒரே இ.இ.ஜி.யை வைத்துச் சொல்லக்கூடாது. குறைந்தது 72 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து வடிந்த பிறகு, வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குவது, நரம்புத் தூண்டல் சோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே பேச வேண்டும்.