பனிக்காலத் தொழுவம்: எதை அடைப்பது, எதைத் திறப்பது?

உறைபனி வருவதற்கு முன் தொழுவத்தின் சந்துபொந்துகளையெல்லாம் சாக்கு திணித்து அடைப்பதுதான் பலருக்கு முதல் வேலை. கால்நடைக்கு அதைப்போல் கெடுதல் வேறில்லை. ஒரு பசு மூச்சாலும் தோலாலும் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை ஆவியாக விடுகிறது. போக வழியில்லாத அந்த ஆவி, குளிர்ந்த கூரைத் தகட்டில் பட்டு நீராகி, இரவெல்லாம் மாட்டின் முதுகிலேயே சொட்டும்.

ரோமத்துக்குள் தேங்கி நிற்கும் காற்றுதான் மாட்டுக்குப் போர்வை. நனைந்த ரோமம் படிந்து ஒட்டிக்கொள்ள, அந்தக் காற்று போய்விடும். அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால், நல்ல சதைப்பிடிப்புள்ள பசு சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் தீனி கேட்காது. அதே பசு நனைந்து நின்றால், சுமார் 15 டிகிரியிலேயே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே, படுத்திருக்கும் மாட்டின் மேல் நேராக அடிக்கும் காற்றை மறையுங்கள். கூரையை ஒட்டிய திறப்பை மூடாதீர்கள். கோழிக்கூட்டிலும் இதே கணக்குதான். கோழி அடையும் கட்டைக்கு மேலே திறப்பு இருக்க வேண்டும். ஈரக்காற்றில்தான் கொண்டை நுனி உறைந்து கறுக்கும். கட்டை 10 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையாக இருந்தால், கோழி தன் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும்.

தரையில் மரச்சீவலோ உமியோ 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். இந்த ஆழ்கூளத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைக்கும்போது கொஞ்சம் சூடும் கிடைக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கிளறிவிட்டு உலர்கூளம் சேருங்கள். கோழியின் மூக்கு மட்டத்துக்குக் குனிந்து, எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கிறதா என்றும் பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் இது தெரியாது.

தீனியில் நம்ப வேண்டியது உலர்புல்லை. நார்த்தீனி முதல் இரைப்பையில் நொதிக்கும்போது நிறைய வெப்பம் பிறக்கிறது. அது மெதுவாக, மணிக்கணக்கில் நடப்பதால், கடுங்குளிர் இரவுக்கான கூடுதல் புல்லைச் சாயங்காலமே போட்டுவிட வேண்டும். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் இரைப்பை புளித்து மாடு தீனியெடுக்காது. 500 கிலோ பசுவுக்கு நாளுக்கு 12 கிலோ உலர்புல் என்றால், 150 நாள் பனிக்காலத்துக்கு 1,800 கிலோ. சிந்தி வீணாவதையும் சேர்த்து 2 டன் வாங்கி வையுங்கள்.

தண்ணீர் உறைந்தால் தீனியும் நின்றுபோகும். குழாயை நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே பதிக்க வேண்டும். ரப்பர் குழாயைப் பயன்படுத்தியதும் வடித்துவிட வேண்டும். கூட்டுக்குள் சூட்டு விளக்கு வேண்டாம். காய்ந்த கூளமும் தூசியும் எளிதில் தீப்பற்றும்.

அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலா மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் அன்றே தீனியைக் கூட்டத் தொடங்குங்கள்.