சிறிய பாலூட்டிகளின் வெப்பச் சிக்கனம்

பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் கன அளவு 1 கன சென்டிமீட்டர். அதன் புறப்பரப்போ 6 சதுர சென்டிமீட்டர். பக்கத்தைப் பத்து மடங்காக்கினால் கன அளவு ஆயிரம் மடங்காகிறது, புறப்பரப்பு நூறு மடங்கு மட்டுமே கூடுகிறது. உடலின் வெப்பம் உள்ளே உருவாகிப் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியே வெளியேறுவதால், உருவம் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு கிராம் திசுவும் ஈடுகட்ட வேண்டிய இழப்பு மிகுகிறது. சுமார் 2 கிராம் எடையுள்ள எட்ரஸ்கன் மூஞ்சூறு நாள்தோறும் தன் எடையையும் விஞ்சிய அளவு உண்ண வேண்டியிருப்பது இக்கணக்கினால்தான்.

தடித்த மயிர்ப் போர்வையும் இவற்றுக்கு முழுத் தீர்வாகாது. விரலளவு உடலில் மயிர் மிக நீண்டுவிட்டால் நடப்பதே இயலாது. ஆகவே குளிர் நாடுகளின் வயல் எலிகள் பனிப்படலத்துக்கு அடியில் வாழ்கின்றன. பனித்துகள்களுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததால், வெளியே கடுங்குளிர் நிலவும்போதும் ஆழமான பனியின் கீழ் தரையை ஒட்டிய வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அங்கும் அவை கூட்டில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. பல சிற்றுடல்கள் சேர்ந்து, குறைந்த புறப்பரப்புடைய ஒரே பேருடல்போல் ஆகிவிடுகின்றன.

இதைவிட வியப்பூட்டுவது, போலந்து விலங்கியலாளர் அவ்குஸ்ட் டேனல் 1949-இல் விவரித்த நிகழ்வு. ஐரோப்பாவின் சாதாரண மூஞ்சூறு குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதில்லை. இரை அருகும் மாதங்களிலும் அது ஓயாமல் வேட்டையாட வேண்டும். அக்காலத்தில் அதன் மண்டையோடும் மூளையும் முதுகெலும்பும் சுருங்குகின்றன. வசந்தத்தில் மீண்டும் ஓரளவு வளர்கின்றன. உருவம் சிறுத்தால் ஒவ்வொரு கிராமும் இழக்கும் வெப்பம் கூடும் என்பது உண்மையே. ஆனால் உண்ண வேண்டிய மொத்த உணவு குறைகிறது; மூளை போன்ற செலவு மிக்க உறுப்பு சிறுப்பது தனி ஆதாயம்.

சுருங்கிய உடலுக்கும் சூடு வேண்டும். தசைகளை நடுக்கிச் சூடு பெறலாம், ஆனால் நடுங்கும் தசையால் ஓடுவது கடினம். இங்குதான் தோள்பட்டைகளுக்கு இடையே திரண்டிருக்கும் பழுப்புக் கொழுப்பு உதவுகிறது. சாதாரணச் செல்களில் ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா, அணையில் நீரைத் தேக்குவதுபோல், தன் உள்சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைத் தேக்கி, அவை திரும்பிப் பாயும் விசையால் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை ஆக்குகிறது. பழுப்புக் கொழுப்பிலோ யுசிபி1 என்னும் புரதம் அச்சவ்வில் மாற்று மதகைத் திறந்துவிடுவதால், புரோட்டான்கள் ஏடிபி எதையும் ஆக்காமல் திரும்பிப் பாய்ந்து, எரிபொருளின் ஆற்றல் வெப்பமாகவே வெளிப்படுகிறது.

அதற்கும் எரிபொருள் போதாதபோது, சூட்டையே கைவிடுவது கடைசி வழி. சைபீரியாவைச் சேர்ந்த குள்ள வெள்ளெலி குளிர்காலத்தில் சில மணி நேரம் தன் உடல் வெப்பநிலையைச் சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு இறக்கிவிட்டு, அன்றைக்கே பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பநிலையோ உறைநிலைக்கும் கீழே, −2.9 டிகிரி வரை இறங்குவது பதிவாகியிருக்கிறது. ஆயினும் அது சில வாரங்களுக்கு ஒருமுறை விழித்து, பழுப்புக் கொழுப்பை எரித்தும் நடுங்கியும் 36 டிகிரியை எட்டிவிட்டு மீண்டும் குளிர்கிறது. அதன் குளிர்காலச் செலவில் பெரும்பகுதி இவ்விழிப்புகளுக்கே போகிறது.

இத்தகைய மீட்சி சிற்றுடலுக்கே கட்டுப்படியாகும். கரடியைப் போன்ற பேருடல் அவ்வளவு குளிர்ந்துவிட்டால் மீண்டும் சூடேற மிகுந்த நேரமும் ஆற்றலும் வேண்டும். ஆகவே கரடியின் உடல் வெப்பநிலை குளிர்கால உறக்கத்தில் 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக இறங்குவதில்லை. தரை அணிலோ சில மணி நேரத்தில் முழுச் சூட்டுக்கு வந்துவிடுகிறது.