கப்பலில் ஏறிய பெயர்

சென்ற ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. குடும்பப் பெயர் மூன்சாமி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு அந்தக் காலத்தில் கூலி வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்து, ஒரு முகவரின் உதவியோடு பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் உள்ள ஓர் ஊருக்கும் போய்வந்துவிட்டார். மாலை மரியாதை நடந்திருக்கிறது. கோயில் திருப்பணிக்குப் பணமும் கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பியதும் அவருடைய தம்பி, “அக்கா, இது நம் ஊர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது.

“பட்டியலில் இவர்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் அம்மா?” என்று கேட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது, பாருங்கள்.”

எனக்குச் சந்தேகம் தட்டியது அந்த இடத்தில்தான்.

பழைய ஆவணங்களில் மூதாதையரைத் தேடித் தருவது என் தொழில். பெயரின் எழுத்து மாறியிருக்கிறதே என்று கவலைப்படுபவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். எழுத்து அச்சாகப் பொருந்திவிட்டது என்று மகிழ்பவர்கள்தான் வழி தவறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்து கப்பலில் ஏறிய எழுத்து அல்ல. அது இரண்டு மூன்று தலைமுறை கழித்து, பள்ளியில் சேர்க்கும்போதோ பிறப்பைப் பதியும்போதோ யாரோ ஓர் எழுத்தர் எழுதியது. அதற்கு முன்பு அந்தக் குடும்பத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். ஆகவே இன்றைய எழுத்து அன்றைய பட்டியலில் அப்படியே கிடைத்தால் அது பெரும்பாலும் தற்செயல்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மூன்சாமி என்பது நம் முனுசாமிதான். அவர்களில் எத்தனை முனுசாமிகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வட மாவட்டங்களில் வீட்டுக்கொரு முனுசாமி இருந்த காலம் அது.

பெயர் சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதியவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆள்சேர்ப்பு அலுவலகம், சென்னை முகாம், இறங்கிய துறைமுகம், கரும்புத் தோட்டம் என்று இடத்துக்கு இடம் புதிய காது, புதிய கை. ஆனால் அந்த எழுத்தர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பல நேரங்களில் அவர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். ஏட்டில் முனுசாமி என்று நாம் எழுதினாலும் வாயில் ‘முன்சாமி’ என்றுதான் வருகிறது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்களின் பிரெஞ்சுப் பதிவுகளில் பிள்ளை என்பது ‘பூலே’ என்பதுபோல் இருக்கும். பிரெஞ்சுக்காரர் கெடுத்துவிட்டார் என்று தோன்றும். நம் வீட்டில் ‘புள்ள’ என்று சொல்வதைக் கேட்டுப் பாருங்கள், அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பழைய பதிவைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த வயதானவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். வட மாவட்டப் பேச்சில் ழகரம் யகரமாவதுண்டு. ஏழுமலை ‘ஏயுமலை’யாகப் பதிவாகியிருந்தால் அவர் சட்டென்று பிடித்துவிடுவார். கணினி பிடிக்காது. இணையத் தேடல் பலவற்றிலும் இருக்கும் சவுண்டெக்ஸ் முறை அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும். ஆனால் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சின்னசாமியை ‘சி’ போட்டு எழுதினால் ஒரு குறியீடு, ‘எஸ்’ போட்டு எழுதினால் வேறு குறியீடு. பழனியின் கதையும் அதுதான். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இரண்டு வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கலாம், தமிழில் அந்த இரண்டுக்கும் ‘ப’ ஒன்றுதான். வேறுபாட்டை இங்கே எழுதிக் காட்டக்கூட என்னால் முடியவில்லை, சிக்கலின் வேரே அதுதான். ஆகவே முதல் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

பெயரோடு வரும் சாதிப் பட்டத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது, முதலியார் ‘மூட்லி’ ஆனது. கோவெண்டர் என்றதும் கோயம்புத்தூர்ப் பக்கம் வண்டி ஏறிவிடுகிறார்கள். கவுண்டர் பட்டம் கொங்கு நாட்டில் மட்டும் வழங்கியதல்ல. வட மாவட்டங்களிலும் அது உண்டு.

இன்னொரு பொறி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதான். ஆறுமுகம் மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஆறுமுகம், அந்த ஆறுமுகத்தின் மகன் மறுபடியும் முனுசாமி. தந்தை பெயரும் பொருந்திவிட்டதே என்று நினைத்து ஐம்பது ஆண்டு தள்ளி நிற்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். இங்குள்ள நிலப் பத்திரங்களில் பசலி ஆண்டு (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். தோராயமாக ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜாதகத்தில் ‘விரோதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1889-உம் விரோதிதான், 1949-உம் விரோதிதான். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்.

பெயர் இப்படி நழுவுமென்றால் எதைப் பிடிப்பது? எண்ணை. நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். மொரீஷியஸிலும் அப்படித்தான். அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்துவருகிறது. நபர்களின் பழைய புகைப்படங்கள்கூட உண்டு. எழுத்தர் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதுவார். எண்ணை எழுதும்போது சற்றுக் கவனமாகத்தான் இருப்பார், தோட்ட முதலாளியின் கணக்கு அதில் அடங்கியிருந்தது.

அம்மையாரிடம் வீட்டில் இருக்கும் பழைய தாள்கள் அத்தனையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முப்பத்தேழு படங்கள் வந்தன. பாதிக்கு மேல் கடை ரசீதுகள். அவற்றுக்கிடையே ஒரு திருமணப் பதிவின் நகல், நான்காக மடித்து மடிப்பில் கிழிந்தது. மணமகன் பெயருக்குப் பக்கத்தில் மங்கலான மையில் ஓர் எண். மடிப்பு சரியாக ஓர் இலக்கத்தின் மேல் ஓடியதால் அது மூன்றா எட்டா என்று தெரியவில்லை. இரண்டையும் பட்டியலில் பார்த்தோம். எட்டு என்று வைத்தால் வந்தது ஒரு பெண்ணின் பெயர். மூன்று என்று வைத்தால் ‘முனிசாமி’, தந்தை ஆறுமுகம், வயது 20, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. திருமணப் பதிவிலும் தந்தை பெயர் ஆறுமுகம்தான். அம்மையார் மாலை போட்டுவிட்டு வந்த ஊர், சின்னப்பன் மகன் மூன்சாமியின் ஊர். பாஸ்போர்ட் எழுத்தோடு பொருந்தியவர் அவர்தான். எண் முற்றிலும் வேறு.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரித்துவிட்டார். “பணம் மாரியம்மனுக்குத்தானே போனது, போகட்டும்” என்றார். அந்த ஊர்க்காரர்களும் பொய் சொல்லவில்லை. ‘ஆமாம், எங்கள் முனுசாமி கப்பலேறிப் போனார்’ என்றிருக்கிறார்கள். போயிருப்பார்.

ஒரு வேண்டுகோள். படி எடுக்கும்போது எழுத்தைத் திருத்தாதீர்கள். பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தப்பும் தவறுமாக, எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தைத் தனியே பக்கத்தில் குறியுங்கள். இணையத்தில் வம்சாவளி போடுபவர்கள் ‘சரி செய்து’ ஏற்றிவிடுகிறார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார், அதன் பிறகு மூலத்தில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

அம்மையாரின் தேடல் இன்னும் முடியவில்லை. பட்டியலில் ஊர் என்ற கட்டத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் புதூர் என்றும் படிக்கலாம், புத்தூர் என்றும் படிக்கலாம், பூதூர் என்றும் படிக்கலாம். மாவட்டம் வட ஆர்க்காடு. ஆனால் 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி பிரிந்து போய்விட்டது. தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பாதி ஊர்கள் கண்ணில் படாது. பழைய தாலுகா வாரியாகக் கழித்துப் பார்த்ததில் இப்போது இரண்டு ஊர்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ஆந்திரத்தில் இருக்கிறது. தெலுங்கு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரோடு அடுத்த மாதம் போகிறேன். இம்முறை முன்கூட்டி மாலை வாங்க வேண்டாம் என்று அம்மையார் சொல்லியிருக்கிறார்.