ஃபயர் ஸ்டேஷன் ‘பே’: விரிகுடா அல்ல, அங்கணம்

தீயணைப்பு நிலைய வரைபடம் எதை எடுத்தாலும் ‘அப்பரேட்டஸ் பே’ (apparatus bay) என்று ஒரு பெரிய செவ்வகம் கண்ணில் படும். வண்டிகள் நிற்கும் இடம், அவ்வளவுதான். வங்காள விரிகுடா ஞாபகத்தில் யாராவது இதை ‘வாகன விரிகுடா’ என்று எழுதிவிட்டால் வண்டி நேரே கடலுக்குள் போய்விடும்!

ஆங்கிலத்தில் விரிகுடாவும் ‘பே’தான், ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். கடல் ‘பே’ பிற்கால லத்தீனின் ‘பையா’விலிருந்து வந்தது. கட்டட ‘பே’யோ வாயைப் பிளப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, சுவரில் பிளந்த வாய் என்று தொடங்கி, இரண்டு தூண்களுக்கு நடுவே விட்ட இடம் என்று பொருள் நகர்ந்தது. பார்க்கிங் பே, பஸ் பே எல்லாம் இதன் பங்காளிகள்தான். ‘அப்பரேட்டஸ்’ என்பதற்கு லத்தீன் வேர் ‘ஆயத்தம் செய்’ என்பது. அமெரிக்கர்கள் தீயணைப்பு வண்டியையே அப்படிச் சொல்வார்கள், அதனால் இங்கே ‘கருவி’ என்று எழுதுவது பொருந்தாது.

சரி, தமிழில் என்ன? அங்கணம். இரு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல். தெலுங்கிலும் உண்டு, நெல்லூர்ப் பக்கம் மனையையே அங்கணக் கணக்கில்தான் பேசுவார்கள், ஒரு அங்கணம் 36 சதுர அடி. ஆனால் தென்மாவட்டக்காரர்கள் இதைப் படித்ததும் முகம் சுளிக்கலாம், அவர்களுக்கு அங்கணம் என்றால் பாத்திரம் கழுவும் இடம், அங்கணக்குழி. அங்கணத்தில் கொட்டிய அமிழ்தம் என்று 720ஆம் குறள் சொல்வதும் அந்த அழுக்கு முற்றத்தைத்தான்.

எனக்கு அதுவே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. தீயணைத்துவிட்டுத் திரும்பும் வண்டியைக் கரியும் சேறுமாக அங்கேதான் கழுவுகிறார்கள், அதற்காகவே தரையைச் சரிவாகப் போட்டு நடுவில் நீளமாகச் சாக்கடை வாய்க்கால் விட்டு மேலே இரும்புக் கம்பி மூடி போடுவார்கள். அழுக்குக்கான இடம் என்பதால்தான் இப்போதைய வடிவமைப்பாளர்கள் அதைப் படுக்கையறை, சமையலறைப் பக்கம் அண்டவிடுவதில்லை. நடுவே இரட்டைக் கதவு வைத்து ஒரு சிறு இடைவழி விடுகிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்தது. அதனால் முன்பெல்லாம் வண்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே தொங்கிய தீக்காப்பு உடைகளை இப்போது காற்றோட்டமுள்ள தனி அறைக்கு மாற்றுகிறார்கள். வண்டியின் புகைக்குழாயிலும் புகையை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழலை மாட்டிவைக்கிறார்கள், வண்டி கிளம்பி வாசலைத் தாண்டும்போது அது தானாகவே கழன்றுகொள்ளும்.

‘வண்டிக்கூடம்’ போதாதா என்று கேட்கலாம். முழு இடத்துக்கும் அதுவே நல்ல சொல். ஆங்கிலத்தில் முழுக் கூடமும் பே, ஒரு வண்டி நிற்கும் தனி இடமும் பே. தமிழில் கூடத்தை வண்டிக்கூடம் என்றும் ஒவ்வொரு வண்டியின் இடத்தை அங்கணம் என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம்: ‘மூன்று அங்கண வண்டிக்கூடம்’. பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் கிளம்பும்படி, ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இல்லாமல் அமைத்தால் அது ‘இருவாசல் அங்கணம்’.