புழு மருந்துக்குக் கேட்காவிட்டால் அது எதிர்ப்புச் சக்தியா?

"ஆடுகளில் குடற்புழு மருந்து எதிர்ப்புச் சக்தி அதிகரித்து வருகிறது." இந்த மாதிரி வாக்கியம் கையேடுகளிலும் செய்திகளிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. செம்மறி வளர்ப்பவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? நல்ல சேதி என்றுதான். எதிர்ப்புச் சக்தி என்றால் உடம்புக்கு நல்லது என்று கொரோனாக் காலத்தில் ஊருக்கே பாடம் எடுத்தாயிற்று. ஆனால் இங்கே சக்தி கூடியது ஆட்டுக்கு அல்ல, அதன் வயிற்றில் இருக்கும் புழுவுக்கு.

மூலச்சொல் 'ஆந்தெல்மின்டிக் ரெசிஸ்டன்ஸ்'. கிரேக்கத்தில் 'ஹெல்மின்ஸ்' என்றால் புழு. முன்னால் 'ஆன்டி' சேர்ந்து புழுவுக்கு எதிரான மருந்து ஆனது. ரெசிஸ்டன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது, எதிர்த்து நிற்பது. அவ்வளவுதான்.

வினை மொழிபெயர்ப்பில் தொடங்குகிறது. ஆந்தெல்மின்டிக் என்பதற்குப் 'புழு எதிர்ப்பு மருந்து' என்று வைத்துக்கொண்டார்கள். ரெசிஸ்டன்ஸுக்கும் 'எதிர்ப்பு'. இரண்டையும் சேர்த்தால் 'புழு எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு'. யார் யாரை எதிர்க்கிறார்கள்? சுருக்கி 'மருந்து எதிர்ப்பு' என்றாலும் தேறாது. இந்தி எதிர்ப்பு, மது எதிர்ப்பு என்று பழகிய காதுக்கு, யாரோ மருந்து வேண்டாமென்று கொடி பிடித்த மாதிரி இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கென்யாவின் ரெட் மாசாய், வங்காளத்தின் கரோல் போன்ற செம்மறி இனங்கள் புழுத்தொற்றை ஓரளவு தாமே அடக்கிக்கொள்ளும். அதற்கும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ரெசிஸ்டன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று ஆட்டின் குணம், மற்றது புழுவின் குணம். ஒன்று வரம், மற்றது தொல்லை. அவர்கள் ஒரே சொல்லை வைத்து மல்லுக்கட்டினால் நாமும் அப்படியே செய்ய வேண்டுமா? 'புழு எதிர்ப்புத் திறன்' என்பதை ஆட்டுக்கு விட்டுவிடலாம்.

புழுவுக்கு? சிலர் 'மருந்து தாங்குதிறன்' என்கிறார்கள். அது டாலரன்ஸ், அதாவது தாங்கிக்கொள்ளுதல் என்ற வேறு கருத்துக்குப் பொருந்தும் சொல், அதை இங்கே செலவழிக்கக் கூடாது. 'மருந்து பழகிவிட்டது' என்ற பேச்சுவழக்கு காதுக்கு இனிமைதான், ஆனால் பொருள் தவறு. எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துப் பழகுவதில்லை. மருந்துக்குச் சாகாத மரபணு வாய்த்த சில புழுக்கள் கூட்டத்தில் முன்பே இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் விட, முட்டையிட்டுப் பெருகுவது இவற்றின் வாரிசுகளே.

அது நடக்கும் வேகம் பயங்கரம். தயாபென்டசோல் என்ற புழு மருந்து 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-க்குள் அமெரிக்காவில் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற புழு அதற்குத் தப்பித்துக்கொண்டிருந்தது. இது ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழு. (இதையும் 'குடற்புழு' என்றே எழுதுகிறோம், சரி, போகட்டும்.) மோனெபான்டெல் என்ற இன்னொரு புழு மருந்து 2009-இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது, 2013-இல் அங்கேயே ஒரு பண்ணையில் தோற்றதாகப் பதிவாகிவிட்டது.

என் தேர்வு 'மருந்துக்குக் கட்டுப்படாமை'. நீளம்தான். ஆனால் "காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்படவில்லை", "மாத்திரைக்குக் கேட்கவில்லை" என்று நாம் அன்றாடம் பேசுவதோடு இது ஒட்டும். குற்றவாளி ஆடல்ல, புழு என்பதும் தானே விளங்கும். "இந்தப் பண்ணைப் புழுக்கள் ஐவர்மெக்டின் மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை" என்று வினையாகவே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கி வாலில் 'தன்மை', 'திறன்' என்று ஒட்டுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு விடாத வியாதி.

சோதனை முறையையும் இதே நடையில் சொல்லிவிடலாம். மருந்து ஊற்றும் முன்பும், ஊற்றி இரண்டு வாரம் கழித்தும் சாணத்தில் புழு முட்டைகளை எண்ணுங்கள். முட்டை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்திருந்தால் புழு கட்டுப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் 'ரெஃப்யூஜியா', அதாவது மருந்து படாமல் தப்பும் புழுக் கூட்டம். சில ஆடுகளுக்கு மருந்து ஊற்றாமல் விடுவது, மருந்துக்குச் சாகும் புழுக்களின் வம்சம் மந்தையில் தொடரட்டும் என்பதற்காக. இதைப் 'புகலிடம்' என்று எழுதினால் புழுவுக்கு யார் வீடு கொடுத்தார்கள் என்று ஆட்டுக்காரர் கேட்பார். 'மருந்து படாத புழு' என்றால் போதும்.